விறகுக் கட்டுக்குள் ஒரு துடுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு தாலுகாவில், குழித்துறை ஆற்றை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருக்கிறேன். 31 வருடம் பள்ளிக்கூடத்தில் தையல் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சென்ற மாதம் தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில், மரக்கரண்டி வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. நல்ல குறிப்புதான். ஆனால் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வாங்குவதைப் பற்றியே இருந்தது. வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரி ஏன் வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பக்கத்தில் துடுப்பு என்பது வள்ளத்துக்கு மட்டும் உள்ளது இல்லை. அடுக்களையிலும் ஒரு துடுப்பு உண்டு. மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) மயக்க, அதாவது மசிக்க, உளுந்தங்களி கிண்ட, சக்கை (பலாச்சுளை) வரட்ட, பிரதமன் என்கிற பாயசம் அடிபிடிக்காமல் இளக்க எல்லாவற்றுக்கும் அதுதான். கரண்டி மாதிரிக் குழி இருக்காது. தட்டையான அலகு, அதற்கு மேலே நீளமான பிடி, அவ்வளவுதான். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துப் பாறசாலையில் என் மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அங்கேயும் அதற்குத் துடுப்பு என்றுதான் பெயர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நடுவில் மாநில எல்லை வந்தது. அடுக்களைச் சாமான்களுக்கு மட்டும் இரண்டு பக்கமும் பழைய பெயர்களே நிலைத்துவிட்டன.

ஏன் வீட்டுக்கு வீடு ஒரு துடுப்பு இருந்தது என்றால், மரச்சீனி இருந்ததால்தான். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கைப் பயிரிடச் சொல்லிப் பரப்பினார். 1942-ல் பர்மா ஜப்பான்காரர்கள் கைக்குப் போய், அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது, எங்கள் ஊர்களில் சோற்றின் இடத்தை மரச்சீனி பிடித்துக்கொண்டது. என் அம்மைக்கு அப்போது பத்து வயது. காலையிலும் கிழங்கு, ராத்திரியும் கிழங்கு என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வெந்த கிழங்கின் தண்ணீரை இறுத்துக் கொட்டிவிட்டு, தேங்காயும் சீரகமும் பூண்டும் மஞ்சளும் சேர்த்து அரைத்ததைப் போட்டு மயக்க வேண்டும். எவர்சில்வர் கரண்டியால் செய்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். அது கிழங்கை வெட்டும், மயக்காது. நாலு நிமிடத்தில் காம்பும் சுடத் தொடங்கிவிடும். மண்சட்டியென்றால் கீறல் விழும். ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரமென்றால் ஈயத்தைச் சுரண்டிவிடும். ஈயம் போன பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும். மரத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

எங்கள் வீட்டில் அம்மை வைத்திருந்த துடுப்பு அயினி (காட்டுப்பலா) மரத்தில் செய்தது. நீளம் 16 இஞ்சு. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அது அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றது. அம்மைக்குப் பிறகு எனக்கு வந்தது. அதன் அலகின் இடது மூலை தேய்ந்து, பிறைபோல வளைந்திருக்கும். வலது கையால் கிண்டுகிறவர்களுக்கு அந்த மூலைதான் பாத்திரத்தின் அடியில் உரசும். இரண்டு பேருடைய கையும் சேர்ந்து அறுபது வருடத்தில் தேய்த்த தேய்மானம் அது. போன வருடம் ஆடி மாதம் கிழங்கு மயக்கும்போது, பிடியும் அலகும் சேரும் இடத்தில் 'டப்' என்று முறிந்துவிட்டது. இரண்டு துண்டையும் கழுவிக் காயவைத்து எடுத்து வைத்தேன்.

அடுத்த வாரமே மகளும் பேரனும் வருவதாக இருந்தது. சக்கைப் பிரதமன் வைக்க வேண்டும். அவசரத்துக்கு ஒரு கடையில் 180 ரூபாய் கொடுத்து ஒரு மரத்துடுப்பு வாங்கினேன். நல்ல பளபளப்பு. என்ன மரம் என்று கேட்டேன். கடையில் நின்ற பிள்ளைக்குத் தெரியவில்லை. அட்டையிலும் மரத்தின் பெயர் இல்லை. உருளியில் (வாயகன்ற, அடி வளைந்த பாத்திரம்) வரட்டிய சக்கையைப் போட்டு, வெல்லப்பாகு ஊற்றிக் கிளறத் தொடங்கினேன். வெல்லப்பாகு கொதிக்கும்போது தண்ணீரைவிடச் சூடு அதிகம். அரைமணி நேரத்தில் அலகின் பளபளப்பு கொப்பளித்து, வெங்காயச் சருகு மாதிரித் தோல் தோலாக உரிந்து பிரதமனில் மிதந்தது. வார்னிஷ். இரண்டு தேங்காயின் பாலும் ஒரு கிலோ வெல்லமும் சேர்ந்த அந்த உருளி முழுவதையும் வாழைமூட்டில் கொண்டுபோய்க் கொட்டினேன். பேரன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டைக் கொட்டியது அன்றைக்கு எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அதற்குப் பிறகுதான் நாமே செய்தால் என்ன என்று தோன்றியது. ஆறு மாதம் தோன்றியதோடு சரி. இந்த வருடம் மழைக்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பலாமரத்தின் ஒரு கிளை கரண்டுக் கம்பியில் உரசுகிறது என்று வெட்டிப் போட்டார்கள். விறகுக்கென்று ரோட்டோரம் கிடந்தது. அந்த வீட்டு மைனியிடம் கேட்டேன். "துடுப்புக்கா? எத்தனை துண்டு வேணுமோ எடுத்துக்கோ, சும்மா எரியத்தானே போகுது" என்றார்கள். என் முழங்கை முதல் விரல் நுனிவரை நீளம் வருகிற மாதிரி, கணுவோ கவையோ இல்லாத மூன்று துண்டு எடுத்து வந்தேன். கை மணிக்கட்டைவிடக் கொஞ்சம் பருமன்.

முதல் துண்டு வீணாகிவிட்டது. அது எதனால் என்று சொன்னால் மற்றவர்களுக்கு உதவும். நான் கிளையை அப்படியே வாளால் இரண்டு பக்கமும் அறுத்துத் தட்டையாக்கி, நடுப்பாகத்தைத் துடுப்புக்கு எடுத்தேன். கிளையின் நட்டநடுவில் பென்சில் பருமனில் மெதுவான ஒரு பகுதி ஓடும். அது அலகின் நடுவிலேயே வந்துவிட்டது. நாலாம் நாள் காலையில் பார்த்தால், நுனியிலிருந்து பிடிவரை நீளமாக வெடித்திருந்தது.

எங்கள் ஊரில் வீட்டு வேலைக்கு வந்த ஒரு ஆசாரி அண்ணனிடம் அந்தத் துண்டைக் காட்டினேன். அவர் கையில் வாங்கி ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். "டீச்சரே, நடுவை உள்ளே வச்சா எந்தத் தடியும் வெடிக்கும். நடுவை வெளியே தள்ளணும். அப்புறம், துடுப்புக்கு அறுக்கப்படாது. பிளக்கணும்" என்றார். காரணமும் சொன்னார். மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரேபோல் சுருங்காது. நீளவாக்கில் சுருங்குவது தெரியவே தெரியாது. நடுவிலிருந்து பட்டையை நோக்கிக் கொஞ்சம் சுருங்கும். வட்டமாகச் சுற்றுவாக்கில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். நடுப்பகுதி உள்ளே மாட்டிக்கொண்டால் சுற்றிலும் இழுக்கிற இழுப்புக்கு இடம் கொடுக்க முடியாமல் வெடித்துவிடுகிறது. நடுவோடு சேர்த்து இரண்டாகப் பிளந்துவிட்டால் இழுப்பு விட்டுப்போகும்.

பிளக்க வேண்டும் என்பதற்கான காரணம் எனக்கு அவர் சொல்வதற்கு முன்னாலேயே புரிந்துவிட்டது. துணியில் பாவு இழை நீளவாக்கில் ஓடும், ஊடை குறுக்கே போகும். ரவிக்கையின் முதுகைப் பாவு நேராக வைத்து வெட்டினால்தான் தொங்காமல் நிற்கும். சாய்த்து வெட்டினால் கிராஸ். இழுத்த இழுப்புக்கு நீளும். இதை 31 வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். மரத்திலும் பாவு இருக்கிறது. வாளுக்கு அந்த இழை தெரியாது. அது நேர்கோட்டில் அறுத்துக்கொண்டே போகும். கிளை லேசாக வளைந்திருந்தால் இழை பாதி வழியில் வெட்டுப்பட்டு வெளியே வந்துவிடும். பிடியின் கழுத்தில் அப்படி வெட்டுப்பட்டிருந்தால் அங்கேதான் முறியும். எடுத்து வைத்திருந்த அம்மையின் துடுப்பைக் கொண்டுவந்து முறிந்த வாயைப் பார்த்தேன். இழை சாய்வாகப் போய் ஓரத்தில் முடிந்திருந்தது. அறுத்த பலகையில் செய்தது. அறுபது வருடம் தாங்கியது அயினியின் குணம்.

இரண்டாவது துண்டை அவர் சொன்னபடி செய்தேன். தென்னங்குற்றியின்மேல் கிளையை நிறுத்தி, வெட்டுக்கத்தியின் வாயைத் தலையில் நடுவாக வைத்து, கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) நாலு அடி. கத்தியை ஓங்கி வெட்ட வேண்டியதே இல்லை. அதனால்தான் என்னைப் போன்ற 62 வயதுக்காரிக்கும் இது முடிகிறது. கிளை தன் இழையோடு தானே பிரிந்து இரண்டாக விழுந்தது. உள்ளே பச்சை மஞ்சள்கிழங்கை முறித்தாற்போல ஒரு நிறம். பலாவின் வைரம் அது. எங்கள் பக்கத்து ஆசாரிமார் காதல் என்பார்கள். அதைச் சுற்றிப் பட்டை ஓரமாக வெளிறிய வெள்ளைப் பாகம் இருக்கும். அதில் பூச்சி சீக்கிரம் விழும் என்பதால் செதுக்கி நீக்கிவிட வேண்டும். நடுவில் இருந்த மெதுவான பகுதியையும் செதுக்கி எடுத்தேன். பச்சைப் பலாவில் பால் ஒட்டும். சக்கை வெட்டும்போது செய்வதுபோல, கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் போதும்.

அப்புறம் உருவம் வரைவது. இங்கே தையல் வேலை கைகொடுத்தது. கெட்டியான காக்கித் தாளை இரண்டாக மடித்து, ரவிக்கைக்கு மாதிரி வெட்டுவதுபோல் பாதி உருவத்தை வரைந்து வெட்டினேன். விரித்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வரும். அலகின் நீளம் 6 இஞ்சு, அகலம் நுனியில் இரண்டரை இஞ்சு, கழுத்தில் ஒன்றேகால். ஆனால் அலகின் நுனியை மட்டும் அம்மையின் துடுப்பை வைத்தே வரைந்தேன். அது புதிதாக இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கவில்லை. தேய்ந்த பிறகு இருக்கிற வடிவத்தையே எடுத்துக்கொண்டேன். இடது மூலையில் பிறை வளைவு, வலது மூலை கொஞ்சம் சதுரம். உருளியின் வளைவில் பிறைப் பக்கம் அப்படியே பொருந்தும். தட்டை அடி உள்ள பாத்திரத்தில் சதுர மூலை மூலைக்குள் போய் எடுக்கும். இடதுகைக்காரர்கள் தாளைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். கடையில் இடதுகைத் துடுப்பு கேட்டால் யார் தருவார்கள்?

பிடியைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். எனக்கு நாலைந்து வருடமாக விரல் மூட்டுகளில் வலி உண்டு. கடையில் வாங்கிய துடுப்பின் பிடி பலகைபோல மெலிந்து, ஓரம் கூராக இருந்தது. அதைப் பிடித்து ஒரு மணி நேரம் சக்கை வரட்டினால் ராத்திரி விரலை மடக்க முடியாது. மெல்லிய பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இறுக்குவதுதான் வலிக்குக் காரணம். ஆகவே பிடியை முட்டையை நீளமாக இழுத்த மாதிரி, ஒரு பக்கம் ஒன்றேகால் இஞ்சும் மறுபக்கம் ஒரு இஞ்சும் பருமனாக வைத்தேன். உருண்டையாக இருந்தால் ஈரக் கையில் சுழலும். முட்டை வடிவம் சுழலாது. அதோடு அலகு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்க்காமலே கைக்குத் தெரியும். பெருவிரல் பதிகிற இடத்தில் லேசாக ஒரு பள்ளம். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, பாதி வேலையில் துடுப்பை எடுத்துக்கொண்டுபோய் வெறும் உருளியில் தண்ணீர் ஊற்றிக் கிண்டிப் பார்த்தேன். ஆசாரியே செய்தாலும் இந்தப் பள்ளம் அவர் கைக்குத்தான் வரும். தினமும் கிண்டுகிறவள் நான். என் கைக்கு எது சரி என்று எனக்குத்தான் தெரியும்.

செதுக்கும்போது ஒரே ஒரு விதி. அகலமான இடத்திலிருந்து ஒடுங்கிய இடத்தை நோக்கித்தான் கத்தி போக வேண்டும். அலகிலிருந்து கழுத்துக்கு, பிடியிலிருந்தும் கழுத்துக்கு. திருப்பிப் போனால் கத்தி இழைக்கு அடியில் புகுந்து சிராய் பெயர்ந்துவிடும். நான் பருமட்டாக வெட்டுக்கத்தியாலும், பிறகு கூர்மையான சின்னப் பிச்சாத்தியாலும் செதுக்கினேன். கத்தி எப்போதும் உடம்பை விட்டு வெளியே போக வேண்டும். மடியில் வைத்துச் செதுக்கக் கூடாது. பேரனுக்கு 14 வயது. வெட்டுக்கத்தியை அவனிடம் கொடுக்கவில்லை. உப்புத்தாள் வேலை முழுவதும் அவனுடையது. ஈரமாக இருக்கும்போது மரம் வெண்டைக்காய் அரிவதுபோல வரும். காய்ந்த பிறகு உளி வேண்டும், பலம் வேண்டும். அதனால் பச்சையிலேயே உருவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். எல்லாப் பக்கமும் கால் இஞ்சு கூடுதலாக விட்டுவைத்தேன். தையலில் மடிப்புக்கு விடுவதுபோல.

காயவைப்பதில் நம் ஊர்க்காரர்கள் பொறுமையாக இருக்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. காற்றே ஈரம். வெயிலில் வைத்தால் மேல்பக்கம் சட்டென்று காய்ந்து உள்பக்கம் ஈரமாக நின்று வெடிக்கும். இரண்டு முனைகளிலும் ஈரம் மற்ற இடங்களைவிட மிக வேகமாக வெளியேறும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். அதனால் இரண்டு முனையிலும் மெழுகுவர்த்தியை உருக்கித் தடவி, பழைய நாளிதழில் (தங்கள் நாளிதழில்தான்) சுற்றி, கட்டிலுக்கு அடியில் வைத்தேன். காய்ந்ததா இல்லையா என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. சமையல் தராசில் வாரம் ஒரு தடவை நிறுத்துக் குறித்துவைத்தேன். முதல் நாள் 520 கிராம். இரண்டாம் வாரம் 430. நாலாம் வாரம் 350. ஐந்தாம் வாரம் 340, ஆறாம் வாரமும் 340. இரண்டு வாரம் எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள். மழை இல்லாத ஊர்க்காரர்களுக்கு இன்னும் சீக்கிரம் காயும்.

பிறகு மெழுகு தடவிய முனைகளை அறுத்து நீக்கி, கடைசி அளவுக்குச் செதுக்கினேன். அலகின் நுனி கால் இஞ்சுக்குக் குறையக் கூடாது, கழுத்து முக்கால் இஞ்சுக்குக் குறையக் கூடாது. உப்புத்தாள் 80-ஆம் நம்பரில் தொடங்கி, 120, கடைசியாக 220. இத்தோடு நிறுத்தினால் முதல் தடவை கழுவியதும் மரம் பூனைமயிர் சிலிர்த்தாற்போல் சொரசொரப்பாகிவிடும். அதனால் ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, சிலிர்த்ததை மறுபடி 220-ல் தேய்க்க வேண்டும். மூன்று தடவை அப்படிச் செய்தோம். பேரன் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் தேய்த்துப் பார்த்தான். செய்து முடித்தபோது துடுப்பின் எடை 140 கிராம்.

பலாவில் செய்கிறவர்களுக்கு ஒரு தகவல். முதல் தடவை வெந்நீரில் போட்டால் தண்ணீர் மஞ்சளாகும். பயப்பட வேண்டாம். பலா வைரத்துக்குள் இருக்கிற இயற்கைச் சாயம் அது. புத்த பிக்குகளின் துவராடைக்கு இந்தப் பலாக்கட்டையை வேகவைத்துத்தான் பல இடங்களில் சாயம் ஏற்றினார்கள். தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று தடவை கொதிக்கவைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். எனக்கு நாலாவது தடவை வேண்டியிருந்தது. அதன் பிறகு ஒரு நாள் காயவிட்டு எண்ணெய் தேய்த்தேன். மஞ்சள் நிறம் நாளாக ஆக மங்கித் தவிட்டு நிறத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. தஞ்சாவூர் வீணையும் பலாமரம்தான், அதன் நிறத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க்கு நான் தேங்காய் எண்ணெயும் தேன்மெழுகும் கலந்தேன். மார்த்தாண்டம் பக்கம் தேன் கூடு வைக்காத தோட்டம் குறைவு, மெழுகு கேட்டால் கிடைக்கும். நாலு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு மெழுகு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, சூட்டோடு துணியால் தேய்க்க வேண்டும். இதை வைத்து நிரந்தரமாகப் பூசிவிட்டதாக நினைக்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் மரத்தில் இறுகிப் படலமாவதில்லை. தேன்மெழுகு 62, 64 டிகிரியில் உருகிவிடும், கொதிக்கிற பிரதமன் அதைவிடச் சூடு. ஆகவே மாதம் ஒரு தடவை மறுபடி தேய்க்கத்தான் வேண்டும். வார்னிஷ் மட்டும் வேண்டாம். எண்ணெயும் மெழுகும் கறியோடு கலந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை.

எந்த மரமானாலும் சரி என்று யாரும் எடுத்துவிடக் கூடாது, இதை அழுத்திச் சொல்கிறேன். அரளிக் குச்சியைச் சமையலுக்கு அருகிலேயே கொண்டுவரக் கூடாது, அதன் எல்லாப் பாகமும் விஷம். காஞ்சிரம் என்கிற எட்டிமரமும் அப்படியே. சேராமரத்தின் பால் பட்டால் உடம்பு வெந்து கொப்பளிக்கும். எங்கள் ஊரில் ரப்பர் தோட்டம் நிறைய, ரப்பர்மரம் வெள்ளையாக, செதுக்க வெண்ணெய்போல இருக்கும். ஆனால் பூஞ்சணமும் பூச்சியும் உடனே விழும் என்பதால் மேசை நாற்காலிக்கு அறுக்கும் ரப்பர்ப் பலகைக்கு போரிக் மருந்து ஏற்றுகிறார்கள். அந்தப் பலகைத் துண்டில் துடுப்பு வேண்டாம். சாமான் கட்டி வருகிற பெட்டிப் பலகையும் வேண்டாம். அதில் 'எம்.பி.' என்று முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது என்று அர்த்தம். பலா, அயினி, புளி, கொய்யா, மா இவை நம் வளவிலேயே நிற்கின்றன. புளி மிகக் கடினம், கறிக்கடையில் வெட்டும் கட்டை புளியமரம்தான். பச்சையிலேயே செதுக்கினால் உண்டு, காய்ந்தால் என்னால் முடியாது. மரத்தை யார் நட்டார், என்ன மருந்து அடித்தார்கள் என்று தெரிந்த கட்டையில் செய்த துடுப்பைத்தான் பிள்ளைகள் சாப்பிடும் பாத்திரத்தில் நான் போடுவேன்.

கழுவியதும் ஊறவைக்காமல் துடைத்து, அலகு மேலே இருக்கும்படி நிறுத்தி வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும். வேறு பராமரிப்பு இல்லை.

மூன்றாவது துண்டில் மகளுக்கு ஒன்று செய்தேன். அவள் கை என் கையைவிடச் சின்னது. போனில் கையளவு கேட்டு, தாளில் கையை வைத்து வரைந்து படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பிடி ஒரு இஞ்சுக்கும் குறைவு, நீளம் 14. ஓணத்துக்குப் போகும்போது கொண்டுகொடுத்தேன். அவள் மாமியார் அதைக் கையில் வாங்கி, பெருவிரல் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்து, "இது ஆசாரி பணியல்லல்லோ" என்றார்கள். எனக்கும் ஒன்று வேண்டும் என்று அங்கேயே கையைத் தாளில் வைத்து வரைந்து கொடுத்துவிட்டார்கள்.

1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமச் சீரமைப்பு நிலையம் வந்து, தேனீ வளர்ப்பும் கைத்தொழிலும் வீடுவீடாகச் சொல்லிக்கொடுத்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் நானே 31 வருடம் பெண்பிள்ளைகளுக்கு ஊசியையும் கத்தரிக்கோலையும் மட்டும்தான் கொடுத்தேன். ஒரு பிச்சாத்தியும் ஒரு பலாத்துண்டும் கொடுத்திருக்கலாமே என்று இப்போது வருத்தமாக இருக்கிறது. பள்ளிகளில் இன்றைக்குக் கைவேலை வகுப்பு எடுக்கிற ஆசிரியைகள் இதைப் படித்தால், ஆண்பிள்ளை பெண்பிள்ளை எல்லாரையும் ஒவ்வொரு துடுப்பு செய்ய வையுங்கள். செலவு என்றால் உப்புத்தாள் காசுதான்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மகளிர் பக்கத்தில் ரவிக்கை வெட்டும் படம் போடுவதுபோல, துடுப்பின் பாதி உருவத்தை அளவோடு ஒரு தடவை வெளியிடுங்கள். தாளை மடித்து ஒட்டி வெட்டிக்கொள்ள வசதியாக இருக்கும். நான் வெட்டிய காக்கித்தாள் மாதிரியை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அதில் நுனி வளைவு உருளிக்கு உள்ளது. தட்டை அடிப் பாத்திரம் மட்டும் வைத்திருப்பவர்கள் இரண்டு மூலையையும் சதுரமாக விட்டுக்கொள்ளலாம். பிடியின் பருமனுக்கு அளவு போட வேண்டாம். அந்த இடத்தை வெறுமனே விட்டு, 'உங்கள் கைக்கு' என்று எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தையல் ஆசிரியை ஒருவர்,
குழித்துறை அருகில்,
கன்னியாகுமரி மாவட்டம்.